டபிள் கப் கதவுக் கண்ணாடி உடைந்தால்: கடையில் வெட்டிப் போடலாமா, வீட்டிலேயே மாற்றலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். 2008 ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப்), சுன்னாகத்தில் வீட்டு வாசலில் நின்றது. பக்கத்துக் காணியில் புல்லு வெட்டுகிற மெசின் எறிந்த கல்லுப் பட்டு, சாரதிப் பக்கக் கண்ணாடி பொலபொலவென்று கொட்டிவிட்டது. யன்னல் கண்ணாடி விற்கும் கடையில் அளவெடுத்து வெட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். ஒரு கராஜில் பாவித்த கதவையே முழுதாக வாங்கி மாட்டச் சொல்கிறார்கள். வீட்டில் நாமே மாற்றினால் என்ன என்பது உங்கள் யோசனை. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: எந்தக் கண்ணாடியைப் போடுவது, யார் போடுவது. நான் யாழ்ப்பாணத்தில் பல வருடங்களாகக் கராஜ் வேலை செய்கிறவன். ஹைலக்ஸ், எல் 200, டி மக்ஸ் எல்லாவற்றின் கதவுகளையும் திறந்து பார்த்திருக்கிறேன். முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்குக் கொஞ்சம் நிபந்தனையோடுதான் சொல்ல முடியும்.

யன்னல் கடையில் வெட்டித் தருகிற சாதாரணக் கண்ணாடியைப் போடாதீர்கள். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. வாகனத்தின் பக்கக் கண்ணாடி பதப்படுத்திய கண்ணாடி. வளைவு, விளிம்பு, போல்ட் போகும் துளை எல்லாவற்றையும் முதலே செய்து முடித்துவிட்டு, 600 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றைப் பீய்ச்சிச் சடுதியாகக் குளிர்விப்பார்கள். வெளித்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே பிறகுதான் ஆறும். அதனால் வெளிப்பக்கம் எப்போதும் அமுக்கத்திலும் உட்பக்கம் இழுவிசையிலும் இருக்கும். அந்த இறுக்கம்தான் அதற்குப் பலம். அடி உள்ளே போய்விட்டால் அந்த இறுக்கமே முழுக் கண்ணாடியையும் ஒரே நேரத்தில் சின்னச் சின்னக் கட்டிகளாக்கிவிடும். நீங்கள் சீற்றில் பார்த்தது அதைத்தான். பதப்படுத்திய பிறகு அதை வெட்டவும் முடியாது, துளைக்கவும் முடியாது. முயன்றால் மேசையிலேயே நொறுங்கும். ஆகவே “வெட்டித் தருகிறேன்” என்று ஒரு கடை சொன்னால், அது தரப்போவது பதப்படுத்தாத கண்ணாடி என்று அர்த்தம். அது உடைந்தால் கத்தி போன்ற நீளத் துண்டுகளாக உடையும், அதுவும் சாரதியின் கழுத்து உயரத்தில். விபத்தே தேவையில்லை, கதவைப் பலமாகச் சாத்தினாலே விரிசல் விழலாம். போதாக்குறைக்கு உங்கள் கதவுக் கண்ணாடி வளைந்தது. தட்டைக் கண்ணாடி, கதவுச் சட்டத்தில் கண்ணாடி ஓடுகிற றப்பர் வாய்க்காலில் ஒழுங்காக ஏறி இறங்காது.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. இருப்பதை வைத்துச் சமாளிப்பது எங்கள் கையில் ஊறிப்போன பழக்கம். அந்தப் பழக்கத்தில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் இந்த ஓர் இடத்தில் அது வேண்டாம்.

முன் கண்ணாடிபோல இரண்டு கண்ணாடித் தாள்களுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடியை வெட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். அது உண்மை, லெமினேற்றட் கண்ணாடியை வெட்டலாம். பழைய லான்ட் ரோவர், தட்டைக் கண்ணாடி போட்ட பழைய லொறிகள் போன்றவற்றுக்கு அது ஏற்றுக்கொள்ளக்கூடிய வழி. உங்கள் ஹைலக்ஸுக்கு வளைவும் துளையும் தேவை என்பதால் சரிவராது. தெளிவான பிளாஸ்டிக் தகடு போட்ட வாகனங்களும் என்னிடம் வந்திருக்கின்றன. செம்மண் தூசியோடு இரண்டு மாதம் ஏறி இறங்கினால் அது பால் நிறமாகக் கீறுப்பட்டுவிடும். இரவில் எதிரே வருகிற லைற் வெளிச்சம் அதில் பரவி, வெளியே இருக்கிற பின்பார்வைக் கண்ணாடியில் பின்னால் வருவது தெரியாது.

சரி, சரியான கண்ணாடியை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் உடையாமல் இருக்கிற இடது பக்க முன் கதவுக்குப் போங்கள். கண்ணாடியின் கீழ் மூலையில் வெள்ளையாக ஒரு முத்திரை இருக்கும். வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால், அந்த எண் அனுமதி கொடுத்த நாட்டைக் குறிக்கும்: 43 யப்பான், 53 தாய்லாந்து. பக்கத்தில் 43ஆர் என்று இருப்பது பாதுகாப்புக் கண்ணாடிக்கான ஐக்கிய நாடுகள் விதியின் எண். சீனாவில் செய்த கண்ணாடியில் சிசிசி முத்திரை இருக்கும். வேறு நாட்டு முத்திரை என்பதற்காகப் பயப்பட வேண்டாம், ஒரு முத்திரையுமே இல்லாத கண்ணாடிக்குத்தான் பயப்பட வேண்டும். வி என்ற எழுத்துத் தனியாக இருந்தால் அந்தக் கண்ணாடி 70 சதவீதத்துக்கும் குறைந்த வெளிச்சத்தையே விடும் என்று பொருள். பின் கதவுக்கு அது இருக்கலாம், சாரதிப் பக்கத்துக்கு அதை வாங்காதீர்கள்.

அடுத்தது பாக எண். டொயோட்டாவில் முன் வலது கதவுக் கண்ணாடியின் எண் 68101 என்று தொடங்கும், முன் இடது 68102. மீதி எண்கள் மாடலுக்கு மாடல் மாறும். அதைச் செசி இலக்கத்தை (வாகனத்தின் அடிச்சட்ட எண்) கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். “ஹைலக்ஸ், 2008” என்று மட்டும் சொல்லி வாங்கினால் மாறிப்போகும். சிங்கிள் கப்பின் முன் கதவும் டபிள் கப்பின் முன் கதவும் ஒன்றல்ல. 2015 இல் வந்த அடுத்த தலைமுறை ஹைலக்ஸான ரெவோவின் கதவு, உங்கள் தலைமுறையான விகோவின் கதவே அல்ல. கடைக்காரர் “எல்லாம் ஒண்டுதான்” என்றால், செசி இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள்.

ஊருக்குள் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கேட்பதுதான் வழக்கம். இரவு பஸ்ஸில் போட்டு விடுவார்கள், காலையில் யாழ்ப்பாணத்தில் எடுக்கலாம். பதப்படுத்திய கண்ணாடியின் முகத்தில் ஓங்கிக் குத்தினாலும் தாங்கும். விளிம்பில் ஒரு சின்ன அடி போதும், போய்விடும். ஆகவே நான்கு விளிம்புக்கும் றப்பர் அல்லது தடித்த காட்போட் மடித்துக் கட்டச் சொல்லுங்கள். நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள், படுக்க வைத்து மேலே வேறு பார்சல் அடுக்க விடாதீர்கள். எடுக்கும்போது அங்கேயே பிரித்து, விளிம்பு முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். கையுறையோடு தடவினால் தெரியாது. மெதுவாக, வெறும் விரலால். எங்கேயாவது சிப்பி போல ஒரு சின்னத் துண்டு பெயர்ந்திருந்தால் வாங்காதீர்கள். அது இன்றைக்கு நிற்கும், ஒருநாள் நண்பகல் வெயிலில் யாரும் தொடாமலே கொட்டும். பாவித்த கண்ணாடியென்றால் வெயிலுக்கு எதிரே சரித்துப் பிடித்து, மேலிருந்து கீழாக ஓடுகிற கீறுகளைப் பாருங்கள். மணல் ஏறிய பட்டியோடு ஓடின கண்ணாடியில் அவை நிறைய இருக்கும். இரண்டு மூன்று மெல்லிய கீறென்றால் பரவாயில்லை. சாரதி கண்மட்டத்தில் அடர்த்தியாக இருந்தால் இரவு ஓட்டம் சிரமம்.

கதவை முழுதாக மாற்றச் சொன்ன யோசனையை நான் ஒதுக்கவில்லை. உங்கள் கதவின் அடிப்பகுதி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலோ, மேல் சட்டம் வளைந்திருந்தாலோ அது நியாயமான யோசனைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, வேறு வழியில்லாமல் பாவித்த கதவுகளை நானும் மாட்டியிருக்கிறேன். ஆனால் வெறும் கல்லடிக்குக் கதவு மாற்றினால் நிறம் பொருந்தப் பெயின்ற் அடிக்க வேண்டும், பூட்டுக்கு வேறு திறப்பு வரும், கீலைச் சரிபண்ண வேண்டும். ஒரு கண்ணாடிக்கு இத்தனை வேலை தேவையில்லை.

இனி வேலைக்கு வருவோம். கண்ணாடியை மாட்டுவது இதில் சின்ன வேலை. உடைந்ததைக் கதவுக்குள் இருந்து எடுப்பதுதான் பெரிய வேலை, அதைத்தான் எல்லோரும் அவசரத்தில் விடுகிறார்கள். சீற்றில் கிடப்பதைக் கூட்டிவிட்டால் முடிந்தது என்று நினைப்போம். பாதிக்கு மேற்பட்டது கதவின் அடியில் கிடக்கும். அங்கே மழைத்தண்ணீர் வெளியேறுகிற சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. கண்ணாடித் தூளும் பழைய மண்ணும் சேர்ந்து அவற்றை அடைத்துவிட்டால் தண்ணீர் கதவுக்குள் நிற்கும். நீங்கள் கடலுக்குத் தள்ளிச் சுன்னாகத்தில் இருக்கிறீர்கள். பருத்தித்துறை, குருநகர்ப் பக்கம் மீன் ஏற்றுகிற வாகனமென்றால் உப்பும் சேரும். கண்ணாடி மாற்றி இரண்டு மாரி கழித்து அடி உளுத்துப்போய் வந்த கதவுகளைத் திறந்தால், உள்ளே அந்தப் பழைய கண்ணாடிக் கட்டிகள் அப்படியே துருவோடு ஒட்டிக் கிடக்கும். கையால் அள்ளும்போது அவை எப்படி அங்கே வந்தன என்று உரிமையாளர்களே ஆச்சரியப்படுவார்கள்.

தடித்த தோல் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போடுங்கள். வேலை தொடங்க முன் பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றிவிட்டு, ஏயார் பாக் உள்ள வாகனமென்றால் ஆகக் குறைந்தது 90 செக்கன் விடுங்கள். டொயோட்டா தன் வேலைக் குறிப்புகளில் சொல்வது அது. அப்புறம் கதவின் உள்பலகையைக் கழற்ற வேண்டும். உள் கைபிடியின் பின்னால் ஒரு ஸ்குறூ, கை வைக்கிற இடத்தில் ஒன்று அல்லது இரண்டு, சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கும். பவர் ஷட்டர் (கண்ணாடியை மின்னால் ஏற்றி இறக்குவது) சுவிச் தட்டை மெதுவாக நெம்பி எடுத்து வயரைக் கழற்றுங்கள். ஓரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கிளிப்புகள். கீழ் மூலையில் தொடங்கி, கிளிப்புக்குப் பக்கத்திலேயே நெம்புங்கள். தூரத்தில் நெம்பினால் பலகை பிளக்கும். துணி சுற்றிய ஸ்குறூட்றைவர் போதும். எல்லாம் விட்ட பிறகு பலகையை வெளியே இழுக்கக் கூடாது. மேல் ஓரம் கண்ணாடிப் பட்டியில் கொழுவி இருக்கும், அதனால் நேரே மேலே தூக்க வேண்டும். பதினைந்து வருடத்துக்கு மேல் வெயில் குடித்த கிளிப்புகளில் சில எப்படியும் முறியும். முதலே ஒரு பத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே கறுப்புப் பசையில் ஒட்டிய பொலித்தீன் தாள் இருக்கும். அதைக் கிழிக்காமல், பசையோடு மெதுவாக உரித்து, மண் படாமல் ஓரிடத்தில் வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இப்போது கதவின் அடியில் கையை விட்டுக் கட்டிகளை அள்ளுங்கள். பெரியவை போனதும் வக்கியூம் குழாயால் இழுங்கள். காற்றுக் குழாயால் ஊதாதீர்கள், தூள் கண்ணுக்கும் ஏசி வாய்க்கும் போகும். கண்ணாடி ஓடுகிற றப்பர் வாய்க்காலைக் கீழிருந்து மேல்வரை விரித்துப் பாருங்கள். கதவின் மேல் ஓரத்தில் கண்ணாடி வெளிவருகிற வாசலின் இரு பக்கமும் இருக்கிற வெல்வெற் பட்டியில் குத்தி நிற்கிற துகள்களைக் குறட்டால் எடுங்கள். ஒரு துகள் விட்டாலும் புதுக் கண்ணாடியில் முதல் நாளே கோடு விழும். கடைசியில் ஒரு கம்பியால் ஓட்டைகளைக் குத்தி, ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே தடையில்லாமல் ஒழுக வேண்டும்.

வாகனத்துக்குள்ளே சீற் தண்டவாளம், சீற் பெல்ட் கொழுவி, கம்பளத்தின் கீழ், ஏசி வாய்கள். சீற் பெல்ட் நாடாவை முழுதாக இழுத்து இரண்டு பக்கமும் துடையுங்கள். பிள்ளைகள் ஏறுகிற வாகனமென்றால் சீற்றின் தையல் மடிப்புகளை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள். ஈரக் கடதாசித் துண்டும் நல்லது. ஒற்றிவிட்டு எறிந்துவிடுங்கள், அலசிப் பாவிக்காதீர்கள்.

இப்போது ஒரு எச்சரிக்கை. கண்ணாடியை ஏற்றி இறக்குகிற பொறி கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கைகள் குறுக்கே போன வகையாக இருந்தால், அதில் பலமான சுருள் வில் ஒன்று இருக்கும். கண்ணாடியின் பாரம் இல்லாத நேரத்தில் மோட்டாரைக் கழற்றினால் அந்தக் கை விசையோடு சுழன்று விரலை வெட்டும். கண்ணாடி மாற்ற மோட்டாரைக் கழற்றத் தேவையே இல்லை. அதைக் கழற்ற வேண்டிய நிலை வந்தால், அந்த இடத்தில் நிறுத்திக் கராஜுக்கு விடுங்கள்.

பொறியை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். வயர்களை எல்லாம் திரும்பக் கொழுவிய பிறகே பற்றரியை இணையுங்கள். கதவில் ஏயார் பாக் சென்சர் இருந்து, அதன் வயர் கழன்ற நிலையில் திறப்பைப் போட்டால் ஏயார் பாக் விளக்கு எரிந்து நின்றுவிடும். கையைக் கதவுக்கு வெளியே எடுத்துவிட்டுச் சுவிச்சை அமர்த்துங்கள். பொறி நேராக, சத்தமில்லாமல் ஏறி இறங்கினால் நல்லது. ஒரு பக்கம் சரிந்து ஏறினால் சில்லுருளைப் பிளாஸ்டிக் உடைந்திருக்கிறது. அதை மாற்றாமல் புதுக் கண்ணாடி போடுவது வீண்.

கண்ணாடி பிடிக்கிற போல்ட் துளைகள், கதவின் உள் தகட்டில் கை விடுகிற ஓட்டைக்கு நேரே வருகிற உயரத்தில் பொறியை நிறுத்துங்கள். கண்ணாடியைத் தரையில் வைக்க வேண்டியிருந்தால் சாக்கை மடித்து அதன்மேல் வையுங்கள், சீமெந்தில் வைக்காதீர்கள். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கண்ணாடியின் முன்பக்கத்தைத் தாழ்த்திச் சரித்து மேல் வாசலுக்குள் விட, மற்றவர் உள்ளிருந்து கையால் ஏந்த வேண்டும். பின் விளிம்பு வாய்க்காலில் இறங்கியதும் நிமிர்த்தி, முன் விளிம்பையும் வாய்க்காலுக்குள் விடுங்கள். போல்ட்டுகளைக் கையால் மட்டும் முறுக்குங்கள். பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் தலைதான். கண்ணாடியை முழுக்க ஏற்றி மேல் றப்பரில் உட்கார விடுங்கள். அது தானே தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். அப்புறம் அதே சரிவு மாறாமல் இறக்கி, ஸ்பனரால் இறுக்குங்கள். அளவாக இறுக்கினால் போதும். கண்ணாடிக்கும் இரும்புக்கும் நடுவே இருக்கிற பிளாஸ்டிக் வளையம் இல்லாமல் இறுக்கினால் துளையடியில் நொறுங்கும்.

வாய்க்கால் இறுக்கமாக இருந்தால் சிலிக்கன் ஸ்பிறே அடியுங்கள். கிறீஸும் எஞ்சின் ஒயிலும் றப்பரை ஊதவைக்கும். தேங்காயெண்ணெய் பூசுகிறவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். இரண்டு நாள் வழுக்கும், அதன் பிறகு சோளகக் காற்றில் வருகிற தூசியெல்லாம் அதில் ஒட்டி உப்புத்தாள் ஆகிவிடும்.

இனி அந்தப் பொலித்தீன் தாள். மழை பெய்யும்போது கண்ணாடியில் வழிகிற தண்ணீர் பட்டியைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். வாகனம் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. அந்தத் தாள்தான் தண்ணீரை உள்பலகைப் பக்கம் வரவிடாமல் அடி ஓட்டைகளுக்கு அனுப்புகிறது. அதைக் கிழித்தெறிந்துவிட்டுப் பலகையை மூடினால் இப்போது ஒன்றும் தெரியாது. கார்த்திகை, மார்கழி மழையில் கால் வைக்கிற கம்பளம் ஊறும், சுவிச்சுக்குள் ஈரம் போகும், பிறகு பவர் ஷட்டர் பாதியில் நிற்கும். பழைய பசை மண் படாமல் இருந்தால் கொஞ்சம் வெயிலில் வைத்து இளக்கி அமர்த்தினாலே பிடிக்கும். பிடிக்காவிட்டால் பியூற்றைல் டேப் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண செலோ டேப் எங்கள் வெக்கைக்கு ஒரு மாதம் நிற்காது. தாளின் கீழ் ஓரம் கதவின் உட்பக்கத்துக்குள் போய்த் தொங்க வேண்டும். அது வெளியே நின்றால் தாள் இருந்தும் பயனில்லை.

பலகையை மூட முன் சோதியுங்கள். ஒரு கடதாசித் துண்டைக் கண்ணாடிக்கும் மேல் றப்பருக்கும் நடுவே வைத்து மூடி இழுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு இறுக்கம் இருக்க வேண்டும். பிறகு குழாய்த் தண்ணீரை மெதுவாகக் கூரையிலிருந்து வழிய விட்டுப் பாருங்கள். ஏ9 வீதியில் வேகம் எடுக்கும்போது மேல் மூலையில் விசில் சத்தம் வந்தால் கண்ணாடி ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது. போல்ட்டை இளக்கித் திரும்பவும் உட்கார வையுங்கள். சுவிச்சை ஒருமுறை தட்ட முழுதாக ஏறுகிற வகையாக இருந்து, பற்றரி கழற்றிய பிறகு அது வேலை செய்யாவிட்டால், முழுக்க மூடி, சுவிச்சைச் சில செக்கன் மேலே பிடித்திருங்கள். பல டொயோட்டாக்களில் அது நினைவு திரும்ப அவ்வளவு போதும்.

வாகனத்தைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாதவையும் உண்டு. கல்லு சட்டத்தில் பட்டு வளைத்ததா, பொறியின் பல்லுக்குள் தூள் சிக்கியிருக்கிறதா, யாராவது முன்பு கதவைத் திறந்து போல்ட்டை மாற்றினார்களா என்பதெல்லாம் உள்பலகையைக் கழற்றினால்தான் தெரியும். ஆகவே வீட்டில் செய்யலாமா என்றால்: ஸ்பனர் பிடித்துப் பழகியவர், உதவிக்கு ஒருவர், அவசரமில்லாத ஒரு பகல் இருந்தால் செய்யலாம். இவற்றில் ஒன்று இல்லாவிட்டால் கண்ணாடியை நீங்களே பார்த்து வாங்கி, மாட்டுவதைக் கராஜில் கொடுங்கள். கொடுக்கும்போது “அடியைத் துப்புரவாக்கிப் பொலித்தீனைத் திரும்ப ஒட்டித் தாருங்கள்” என்று சொல்லுங்கள், பலகையை மூட முன் பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல வேலைக்காரர் அதற்குக் கோபிக்க மாட்டார்.

முழுக் காப்புறுதி இருந்தால், எதையும் கழற்ற முன் உடைந்தபடியே படம் எடுத்து, நிறுவனத்துக்கு அழைத்துக் கேளுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் உங்கள் கண்ணாடிக்குப் பணம் கிடைக்காது. கோரினால் அடுத்த வருடக் கட்டணத்தில் கிடைக்கிற கழிவு குறையுமா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கண்ணாடி வரும்வரை தடித்த பொலித்தீனைக் கதவுச் சட்டத்துக்கு மேலால் போட்டு, ஓரங்களை உள்ளே மடித்துக் கதவைச் சாத்துங்கள். பெயின்ற்மேல் டேப் ஒட்டினால் எங்கள் வெயிலில் பசை இளகிப் பிடித்துவிடும். வெளியே இருக்கிற பின்பார்வைக் கண்ணாடி தெரியாதபடி மூடியிருந்தால் வாகனத்தை ஓட்டாதீர்கள். இடது கதவு முத்திரையைக் கிட்ட வைத்துப் படமெடுத்து இங்கே போட்டால், கடையில் என்ன கேட்பது என்று பார்த்து எழுதுகிறேன்.